செவில் நகரத்து ஓவியங்களைப் பார்க்க ஓர் இரவு தங்குங்கள்

கேள்வி: மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். வரும் மே மாதம் நானும் கணவரும் பத்து வயதுப் பேரனும் அங்கே போகிறோம். செவில் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மாட்ரிட்டிலேயே பிராடோ அருங்காட்சியகம் இருக்கும்போது அதற்காக ஒரு பயணம் வேண்டுமா என்று மருமகன் கேட்கிறார். அங்கே இருப்பவை பெரும்பாலும் கிறிஸ்தவ சமயப் படங்கள் என்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கதைகள் தெரியாது. கணவருக்கு மூட்டுவலி வேறு. ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? எதை முதலில் பார்ப்பது?
– மதுரை வாசகி ஒருவர்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் ஆசையை விட்டுவிடாதீர்கள். மருமகன் பிராடோவை உயர்வாக நினைப்பதில் தவறே இல்லை. 1819இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் உலகின் மிகச் சிறந்த ஓவியக் களஞ்சியங்களில் ஒன்று. ஆனால் அதன் அடித்தளம் ஸ்பெயின் மன்னர்கள் தங்கள் அரண்மனைகளுக்காகச் சேர்த்த படங்கள். செவில் அருங்காட்சியகத்தின் பிறப்பே வேறு. 1830களில் ஸ்பெயின் அரசு துறவற மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைக் கையகப்படுத்தியபோது, செவில் நகர மடங்களின் சுவர்களிலும் பீடங்களிலும் இருந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் காப்பதற்காக 1835இல் இது நிறுவப்பட்டது. அது குடியேறிய கட்டடமும் ஒரு பழைய மடம்தான்: மெர்சிதாரியர் என்னும் துறவற சபையினருக்காக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுவான் தே ஓவியேதோ என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்துக் கட்டிய, முற்றங்களும் தேவாலயமும் கொண்ட மடம். ஆகவே அங்கே நீங்கள் பார்க்கப்போகும் முக்கியமான படங்களில் பலவும் அந்த ஊரிலேயே தீட்டப்பட்டு, அந்த ஊர் மக்களே மண்டியிட்டு வணங்கிய படங்கள். செவில் நகரத்து ஓவியர் முரில்லோவை மாட்ரிட்டில் மட்டும் பார்த்தவர் அவரைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். மருமகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கதைகள் தெரியாதே என்ற தயக்கத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் எல்லாக் கதைகளையும் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. நான்கைந்து தெரிந்தால் போதும். அவற்றிலும் சிலவற்றின் முகம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது. குழந்தை இயேசுவோடு காட்சி தரும் புனித அந்தோணியாரைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. புதுச்சேரியில் சம்பா கோவில் என்று மக்கள் சொல்லும் பேராலயம் அமலோற்பவ அன்னைக்கு உரியது. மரியாள் பாவக் கறையின்றிக் கருவாக உருவானார் என்ற அந்த நம்பிக்கையை 17ஆம் நூற்றாண்டுச் செவில் நகரம் தன் உயிராகக் கொண்டாடியது. வெள்ளை உடையும் நீலப் போர்வையும் அணிந்து, பிறைநிலவின் மேல் நிற்கும் இளம்பெண்ணாக அவரை முரில்லோ திரும்பத் திரும்பத் தீட்டியதற்குக் காரணம் அதுதான்.

உள்ளே நுழைந்ததும் வேறெங்கும் நிற்காமல் ஐந்தாம் எண் கூடத்துக்குச் செல்லுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. அது அந்த மடத்தின் பழைய தேவாலயம். அறைகளின் வரிசைப்படி போனால் இடைக்கால மரச்சிற்பங்களிலும் பலகை ஓவியங்களிலும் கண் களைத்த பிறகே அங்கே போய்ச் சேர்வீர்கள். அந்தக் கூடத்துக்குக் களைத்த கண்ணோடு போகக் கூடாது. ஓவியம் தீட்டிய உயர்ந்த விதானத்துக்குக் கீழே, செவில் நகரத்துக் கப்புச்சின் துறவிகளின் கோவிலுக்காக 1660களில் முரில்லோ தீட்டிய படங்கள் அங்கே தொங்குகின்றன. பார்த்தலோமே எஸ்தெபான் முரில்லோ 1617ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் அந்த ஊரில் பிறந்து, 1682இல் அங்கேயே இறந்தவர். அவர் இளைஞராக இருந்தபோது, 1649இல் வந்த கொள்ளைநோய் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்டுபோயிற்று. அவருடைய படங்களில் பிச்சைக்காரர்களும் அநாதைக் குழந்தைகளும் நோயாளிகளும் ஏன் இவ்வளவு கனிவோடு இடம்பெறுகிறார்கள் என்பதை இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

அந்தக் கூடத்தில் மூன்று படங்களுக்கு மட்டும் பொறுமையாக நேரம் கொடுங்கள். முதலாவது, வலென்சியாவின் பேராயராக இருந்த வில்லாநுவேவாவின் புனித தோமையார் ஏழைகளுக்குப் பிச்சையிடும் படம். முரில்லோ இதைத்தான் ‘என் படம்’ என்று சொல்வாராம். பேராயரின் முன்னால் முழந்தாளிட்டிருக்கும் மாற்றுத்திறனாளியின் வெற்று முதுகில் விழும் வெளிச்சத்தை முதலில் பாருங்கள். பிறகு இடது கீழ் மூலைக்கு வாருங்கள். தனக்குக் கிடைத்த காசைத் தாயிடம் காட்டி மகிழும் ஒரு சிறு பிள்ளை அங்கே இருக்கிறான். சொல்லாவிட்டாலும் உங்கள் பேரன் அவனைக் கண்டுபிடித்துவிடுவான்.

இரண்டாவது, ஹூஸ்தா, ரூஃபினா என்னும் இரு பெண்களின் படம். ரோமானியர் காலத்தில் செவில் நகரில் மண்பாண்டம் விற்றுப் பிழைத்த இவர்கள், வேற்றுத் தெய்வச் சடங்குக்குத் தங்கள் பாண்டங்களைத் தர மறுத்ததால் கொல்லப்பட்டார்கள் என்பது மரபு. 1504இல் நிலநடுக்கம் வந்தபோது பேராலயத்தின் ஹிரால்டா கோபுரம் விழாமல் இவர்கள்தாம் தாங்கிப் பிடித்தார்கள் என்று ஊர் நம்பியது. அதனால்தான் இருவரும் அந்தக் கோபுரத்தின் சிறு உருவைக் கையில் பிடித்திருக்க, காலடியில் பானைகளும் கிண்ணங்களும் கிடக்கின்றன. நீங்கள் ரயிலை விட்டு இறங்கும் நிலையத்தின் பெயர் சாந்தா ஹூஸ்தா. இந்தச் சகோதரிகளில் ஒருவர் பெயர்தான் அது.

மூன்றாவது, சிலுவையில் இருக்கும் இயேசுவை அசிசியின் பிரான்சிஸ் அணைத்துக்கொள்ளும் படம். பிரான்சிஸின் ஒரு கால் உலக உருண்டையைத் தள்ளுகிறது. இயேசு ஆணியிலிருந்து ஒரு கையை விடுவித்து அவர் தோளில் வைத்திருக்கிறார். இதற்கு எந்தக் கதையும் தெரிய வேண்டியதில்லை.

இதே கூடத்தில், மிகப் பெரிய அளவில் இருப்பதால் ‘மாபெரும் அன்னை’ என்ற பொருளில் பெயர் பெற்ற அமலோற்பவ அன்னை ஓவியமும் இருக்கிறது. நான்கு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அந்தப் படத்தின் அருகில் போகாதீர்கள். பிரான்சிஸ்கன் துறவிகளின் கோவிலில் ஒரு வளைவுக்கு மேலே, மிக உயரத்தில் வைப்பதற்காகத் தீட்டப்பட்டது அது. கீழே நிற்பவரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே உருவத்தைத் திண்மையாக அமைத்தார் ஓவியர். கூடத்தின் மறுகோடி வரை பின்வாங்கி நின்று பார்த்தால்தான் அதன் கம்பீரம் விளங்கும்.

கப்புச்சின் படங்கள் இன்று செவிலில் இருப்பதே ஒரு பேறு. 1810இல் நெப்போலியனின் படை நகருக்குள் வந்தபோது, அதன் தளபதி சூல்ட் ஓவியங்களைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டார். கப்புச்சின் துறவிகள் முன்கூட்டியே தங்கள் படங்களை நகருக்கு வெளியே அனுப்பி வைத்ததால் அவை தப்பின. எனினும் அவர்கள் கோவிலின் பீடத்தில் நடுநாயகமாக இருந்த பெரிய படம் பிற்காலத்தில் கைமாறிப் போய், இப்போது ஜெர்மனியில் கொலோன் நகரத்து அருங்காட்சியகத்துக்கு உரியதாக இருக்கிறது. மற்றப் படங்கள் எல்லாம் அதைச் சுற்றி அமைவதற்காகவே தீட்டப்பட்டவை என்பதை அந்தக் கூடத்தில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பிறகு முற்றத்தில் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க வேண்டும். செடிகளும் வண்ண ஓடுகளும் நிறைந்த அந்த முற்றங்களும் பார்க்க வேண்டியவையே. கலைக்கப்பட்ட மடங்களிலிருந்து வந்த பழைய ஓட்டுச் சித்திரங்கள் அங்கே சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கணவருக்கும் கால் ஆறும். கீழ்த்தளத்திலேயே இன்னும் ஒன்றை அவசியம் பாருங்கள்: டோரிஜியானோ என்ற இத்தாலியர் சுடுமண்ணில் செய்த புனித ஜெரோமின் சிற்பம். இளவயதில் மைக்கலாஞ்சலோவோடு சண்டையிட்டு அவர் மூக்கை உடைத்தவர் என்று வரலாற்றில் பெயர் வாங்கியவர் இவர். இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் கல்லறைச் சிற்பங்களைச் செய்துவிட்டு ஸ்பெயினுக்கு வந்து, 1528இல் செவிலில் இறந்தார். தன் மார்பில் அடித்துக்கொள்ளக் கல்லைக் கையில் ஏந்திய அந்த முதியவரின் உடலில் நரம்பும் சுருக்கமும் மண்ணால் ஆனவை என்று நம்புவது கடினம்.

மேல்தளத்துக்கு ஒரே முறை ஏறுங்கள். மின்தூக்கி வேண்டும் என்று நுழைவாயிலிலேயே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். மேலே பல அறைகள் உண்டு. நீங்கள் தேட வேண்டியது சுர்பரானின் ‘உணவுக்கூடத்தில் புனித ஹியூகோ’. முரில்லோவின் கனிவுக்கு நேர் எதிர் இந்த ஓவியரின் கண்டிப்பு. கார்த்தூசியத் துறவிகள் புலால் உண்ணாதவர்கள். ஒரு நாள் அவர்களுக்கு இறைச்சி அனுப்பப்பட்டது. உண்ணலாமா கூடாதா என்று விவாதித்தபடியே அவர்கள் உறங்கிப்போய், தவக்காலம் முழுவதும் உறங்கினார்கள். ஆயர் ஹியூகோ வந்து பார்த்தபோது அவர்கள் விழிக்க, தட்டுகளில் இருந்த இறைச்சி சாம்பலாயிற்று என்பது கதை. படத்திலோ எந்தப் பரபரப்பும் இல்லை. வெள்ளை உடையில் அசையாமல் அமர்ந்திருக்கும் துறவிகள், வெள்ளை மேசைவிரிப்பு, ரொட்டிகள், நீலமும் வெள்ளையுமான மண்குடுவைகள். அந்த வெள்ளைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பது கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் தெரியும். புலால் மறுத்தலை ஓர் அறமாகப் பேசும் மரபில் வந்த நமக்கு, இந்தப் படத்தின் கேள்வி அந்நியமானதும் அல்ல.

பேரனுக்காக, 1915இல் கொன்சாலோ பில்பாவோ தீட்டிய ‘சுருட்டுத் தொழிலாளர் பெண்கள்’ என்ற பெரிய ஓவியத்தையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். புகையிலைத் தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்துகொண்டிருக்க, ஒருத்தி தன் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இப்போது செவில் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஓவியர் வெலாஸ்கெஸை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1599இல் செவிலில் பிறந்தவரே ஆனாலும் 1623இல் அரசவைக்காக மாட்ரிட் போய்விட்டதால், ஊரில் எஞ்சியவை மிகக் குறைவு. அவரை பிராடோவில்தான் பார்க்க வேண்டும்.

இனி நடைமுறை. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறன்று பிற்பகலில் மூடிவிடுவார்கள். செவ்வாய் முதல் சனி வரை மாலையிலும் திறந்திருக்கும் என்பதே உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி. மே 1ஆம் தேதி விடுமுறை. பண்டிகை நாட்களில் நேரம் மாறும் என்பதால், ரயில்சீட்டு எடுக்கும் முன் அவர்களது அதிகாரபூர்வ அறிவிப்பை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கும் மிகச் சிறிய தொகைதான்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மை; ஆனால் போக வர ஐந்து மணி நேரமும், மே மாதத்திலேயே தொடங்கிவிடும் நண்பகல் வெயிலும் சேர்ந்தால், மூட்டுவலிக்காரருக்குப் படம் பார்க்கும் தெம்பு மிஞ்சாது. வார நாள் ஒன்றில் மதியம் போய்ச் சேர்ந்து, அறையில் படுத்து எழுந்து, மாலை ஐந்து மணிக்கு டாக்சியில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் யாருக்கும் கண் நிற்காது. ஞாயிறு காலையும் ஊரில் இருக்க நேர்ந்தால், எதிரே முரில்லோவின் சிலை நிற்கும் சதுக்கத்தில் உள்ளூர் ஓவியர்கள் தங்கள் படங்களை வைத்து விற்பதைப் பேரனுக்குக் காட்டலாம்.

மறுநாள் காலையைக் காரிதாத் மருத்துவமனைத் தேவாலயத்துக்கு ஒதுக்குங்கள். ஏழைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தொண்டு செய்த ஒரு சகோதர சபைக்குரிய இடம் அது. அறச்செயல்களைப் பற்றி அங்கே முரில்லோ தீட்டிய படங்களில் நான்கைச் சூல்ட் எடுத்துப் போனார். அவை இன்று லண்டன், வாஷிங்டன், ஒட்டாவா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய நான்கு நகரங்களில் இருக்கின்றன. அவற்றின் இடத்தில் நகல்கள் தொங்குகின்றன. வால்டெஸ் லியல் சாவைப் பற்றித் தீட்டிய இரு படங்களும் அங்கே உண்டு. எலும்புக்கூட்டையும் அழுகும் உடல்களையும் காட்டும் அவற்றின் அருகே பேரனை அழைத்துச் செல்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கென்றால் தயக்கம்தான்.

அவனுக்கு அதைவிட ஏற்றது பேராலயத்தில் இருக்கும் முரில்லோவின் மிகப் பெரிய அந்தோணியார் படம். 1874இல் அதிலிருந்து அந்தோணியாரின் உருவத்தை மட்டும் யாரோ வெட்டித் திருடிச் சென்றார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அது கண்டுபிடிக்கப்பட்டு, திரும்பக் கொண்டுவந்து ஒட்டப்பட்டது. இதை ரயிலிலேயே பேரனிடம் சொல்லி வையுங்கள். வெட்டிய கோடு எங்கே ஓடுகிறது என்று தேடுவதற்காகவாவது அவன் அந்தப் படத்தின் முன் நிற்பான்.