அண்ணனின் பத்தும் உன் பத்தும்

கேள்வி: டீச்சர், நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். முன்பள்ளியில் வேலை. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் அவர் வீட்டுக்கு வந்ததும், அந்த வருஷம் பிடித்த பத்துப் படங்களை ஆளுக்கொரு கொப்பியில் வரிசையாக எழுதி, மாற்றிப் படிப்போம். 2024க்கு நான் 'வாழை'யை முதலாவதாகப் போட்டேன். அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த படம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்துகிற இடத்தில் தலையைத் தடவிக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 'மெய்யழகன்' இரண்டாவது, 'மகாராஜா' ஐந்தாவது. 'கொட்டுக்காளி'யை மழைக்காலத்தில் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, பத்தாவதாகப் போட்டேன்.

அண்ணன் சிரித்தார். "போன்ல பார்த்துட்டு நீயெல்லாம் லிஸ்ட் போடுற. 'வாழை' அவார்டு படம், அது வேற லிஸ்ட். 'மெய்யழகன்' இழுவை. 'மகாராஜா'வை யாராவது அஞ்சாவதா போடுவாங்களா?" என்றார். நான் எழுதியிருந்த 'சித்தா'வையும் போன வருஷத்துப் படம் என்று வெட்டினார். சண்டை வேண்டாம் என்று 'மகாராஜா'வை முதலாவதாக மாற்றி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியைத் திறக்க மனமே வரவில்லை. படங்களைச் சரியாக வரிசைப்படுத்த ஒரு முறை இருக்கிறதா? போனில் பார்த்தால் கணக்கில் வராதா? இரண்டு பட்டியலையும் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். அண்ணன் தைப்பொங்கலுக்குத் திரும்ப வருவார்.

— தலவாக்கலை வாசகி

பதில்: மகள், முதலில் அந்தக் கொப்பியைத் திற. 'மகாராஜா'வை ஐந்தாம் இடத்துக்கே திருப்பி அனுப்பு. வெட்டி எழுதிய தடம் தெரிந்தால் தெரியட்டும். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

'மகாராஜா'வோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. விஜய் சேதுபதியின் 50ஆவது படம். நடந்ததை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு, கடைசியில் எல்லாம் ஓரிடத்தில் வந்து பொருந்தும்படி செய்திருக்கிறார் நித்திலன் சாமிநாதன். நவம்பர் கடைசியில் சீனாவிலும் திரைக்குப் போனது. பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது தெரியாமல் நானும் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் அதற்கு முதலிடம் கொடுத்ததில் பிழையே இல்லை. அதை உன் கொப்பியிலும் எழுத வைத்ததுதான் பிழை. நீயும் அப்போது பேசாமல் மாற்றிவிட்டு, இப்போது எனக்கு மூன்று பக்கம் எழுதுகிறாய்.

சரி, போன் விஷயத்துக்கு வருவோம். இதில் அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அவர் நினைக்கிற உண்மை அல்ல.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் டவுனிலிருந்து வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து எடுத்தது, விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே ராத்திரியில் மூன்று படம். முதலில் சாமிப் படம், இரண்டாவது சண்டைப் படம், மூன்றாவது எது மிஞ்சியதோ அது. என் சித்தப்பா பார்த்த படத்துக்கெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் மார்க் போட்டு வைப்பார். அவர் காலமான பிறகு அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது. புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை: மூன்றாவதாகப் போட்ட படம் ஒன்றுகூட நாற்பதைத் தாண்டவில்லை. பிற்பாடு நான் ஆசையாகத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு படத்துக்கு எதிரே, பச்சை மையில், 'இழுவை – 32' என்று எழுதியிருந்தது. பகல் முழுக்கத் தேர் இழுத்த மனுஷனுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எந்தப் படம்தான் இழுவையாக இராது? அந்த 32 அவருடைய தூக்கத்துக்கு விழுந்த மார்க்.

போனில் பார்த்ததும் பார்த்ததுதான். ஆனால் எங்கே, எப்படிப் பார்த்தாய் என்பதையும் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வை. இல்லாவிட்டால் சித்தப்பா மாதிரி வேறெதற்கோ மார்க் போட்டுவிடுவோம். உன் 'கொட்டுக்காளி' அப்படித்தான் பத்தாம் இடத்துக்குப் போயிருக்கிறது. வினோத்ராஜின் அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஓட்டோ சத்தம், சேவல், காற்று, போகிற ஆட்களின் பேச்சு, பேச்சு நின்ற பிறகு வருகிற வெறும் அமைதி, இவ்வளவுதான். மீனாவாக வரும் அன்னா பென் அநேகமாக வாயே திறப்பதில்லை. அவள் ஏன் பேசவில்லை என்பதை அந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். நீ அதை இயர்போன் இல்லாமல், தகரக் கூரையில் மழை கொட்டுகிற காம்பராவில் பார்த்திருக்கிறாய் போல. அன்றைக்கு நீ கேட்டது படத்தை அல்ல, தகரத்தை. அந்தப் படத்துக்கு இப்போதைக்கு இடமே கொடுக்காதே. 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதி வை.

'மெய்யழக'னில் இன்னொரு சிக்கல். நீயும் அண்ணனும் ஒரே படத்தைத்தான் பார்த்தீர்களா? செப்டம்பர் 27 திரைக்கு வந்தபோது அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். நீளம் என்று பேச்சு கிளம்பியதும் சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். அண்ணன் முதல் இரண்டு நாளில் பார்த்திருந்தால் அவர் பார்த்தது முழுப் படம். உன் போனில் இருப்பது எத்தனை நிமிடம் என்று பார். கணக்கு வேறு என்றால், அவர் 'இழுவை' என்றதும் நீ 'அருமை' என்றதும் இரண்டு வெவ்வேறு பிரதிகளைப் பற்றி. (எனக்குக் கேட்டால், வெட்டாமலே விட்டிருக்கலாம். ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசுகிற படத்தை நிமிடக் கணக்கில் குறைத்து என்ன லாபம்?)

அடுத்தது அந்த 'அவார்டு படம், வேற லிஸ்ட்' கதை. தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்குவது லேசு. ஸ்டோரில், அதுதான் தேயிலை ஃபேக்டரியில், தூள் சலிக்கிற இடத்தைப் பார்த்திருப்பாய். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரித்துப் போடுகிறார்களே, அது எல்லாம் இலைத் துண்டின் அளவு. எந்தச் சல்லடையில் நின்றது, எதில் விழுந்தது, அவ்வளவுதான். ருசிக்கும் அந்தப் பெயருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ருசியைச் சொல்லக் கொழும்பில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஏலத்துக்குப் போகுமுன் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பிப் பார்த்துச் சொல்வார்கள். 1883இல் ஏலம் தொடங்கிய நாளிலிருந்து விலையை முடிவு செய்வதில் நாக்குக்குப் பங்கு இருக்கிறது. அவார்டு படம், மாஸ் படம், ஃபீல் குட் படம் என்பதெல்லாம் சல்லடைக் கணக்கு. அண்ணன் சலித்து வைத்துவிட்டு ருசி பார்த்ததாக நினைக்கிறார். 'வாழை'யை நீ ஊற்றிக் குடித்திருக்கிறாய். வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அம்மா தன் தலையைத் தடவினார் என்று எழுதினாயே, ஒரு படத்தை முதலாவதாகப் போட அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

'சரியான வரிசை' உண்டா என்று கேட்டாய். உலகத்திலேயே பெரிய பெயருள்ள பட்டியல் ஒன்றைப் பார்ப்போம். 'சைட் அண்ட் சவுண்ட்' என்று ஒரு பிரிட்டிஷ் சினிமா சஞ்சிகை, 1952இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் வாக்கு வாங்கி எக்காலத்துக்கும் சிறந்த படங்களை அறிவிக்கிறது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வந்தது 1958இல். 1962இலும் 1972இலும் அது முதல் பத்திலேயே இல்லை. 1982இல் ஏழாம் இடம், 1992இல் நான்கு, 2002இல் இரண்டு, 2012இல் ஒன்று. அத்தனை வருஷத்தில் படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை, பார்க்கிற ஆட்கள்தான் மாறினார்கள். 2022இல் அதையும் தள்ளிவிட்டு ஷாந்தால் அக்கர்மானின் 'ஜான் டீல்மான்' முதலிடத்துக்கு வந்தது. 1975இல் வந்த படம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஒரு விதவைப் பெண் வீட்டு வேலை செய்வதைப் பொறுமையாகக் காட்டும். அவள் உருளைக்கிழங்கு உரிக்கிற காட்சியை நம் நுவரெலியா ஆட்களுக்குக் காட்டினால், "இதுக்கு டிக்கட் வேறயா?" என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த வாக்கெடுப்பில் யாரும் தங்கள் பத்தை வரிசைப்படுத்த வேண்டியதே இல்லை. பத்துப் பெயரைக் கொடுத்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. 2022இல் வாக்களித்த 1,600க்கு மேற்பட்டவர்களுக்கும் அதே கணக்குத்தான். நீங்கள் இருவர் ஐந்தாம் இடத்துக்குச் சண்டை பிடிக்கிறீர்கள்.

இருந்தாலும் வரிசை போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை விடச் சொல்ல மாட்டேன். பத்தையும் ஒன்றாகப் பார்த்து மலைக்காதே, இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடு. அதற்கு முன்னால் எந்தக் கேள்விக்கு விடை எழுதுகிறாய் என்பதைக் கொப்பியின் தலையில் எழுது. 'இன்றைக்கு ராத்திரி திரும்பப் பார்க்க எது?' என்று கேட்டால் என் விடை 'லப்பர் பந்து'. கிரவுண்டிலிருந்து தேயிலைக்குள் போன பந்தைத் தேடிக் கால் கீறிக்கொண்ட யாரும் அதைத்தான் சொல்வார்கள். 'எது மனதை விட்டுப் போகவில்லை?' என்று கேட்டால் எனக்கும் 'வாழை'தான். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் சொல்கிறேன்: அண்ணனும் நீயும் ஆளுக்கொரு கேள்விக்கு விடை எழுதிவிட்டு மார்க்கை ஒப்பிட்டுச் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஐந்துக்குக் கீழே நம்பரும் போடாதே. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இந்த வயதிலும் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. உங்கள் இரண்டு பட்டியலிலும் ஜனவரியில் வந்த 'ப்ளூ ஸ்டார்' இல்லை. பிடிக்காமல் விட்டீர்களா, மறந்து விட்டீர்களா? அண்ணனின் மூன்றாம் இடத்தில் இருக்கும் 'விடுதலை 2' வந்தது டிசம்பர் 20இல். பத்து நாள் பழகிய படம். டிசம்பரில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். பார்த்த அன்றைக்கே ஒரு வரி எழுதி வைத்தால் வருஷக் கடைசியில் மண்டையைப் போட்டுக் குடைய வேண்டியதில்லை.

'சித்தா' 2023 செப்டம்பரில் வந்த படம்தான், அண்ணன் சொன்னது சரி. ஆனால் உன் போனுக்கு அது 2024இல்தானே வந்தது? இரண்டு பக்கம் ஒதுக்கு. ஒன்றில் இந்த வருஷம் வெளிவந்தவை, மற்றதில் இந்த வருஷம் நீ பார்த்தவை. இரண்டாவது பக்கத்தில் அண்ணன் பேனா வைக்கக் கூடாது.

வீட்டுக்கு ஒரு பொதுவான முதலிடம் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழவில்லை. இந்த நாட்டில் முதல் தடவையாக விருப்பு வாக்கு (வாக்காளரின் இரண்டாம், மூன்றாம் தெரிவு) எண்ண வேண்டி வந்தது நினைவிருக்கும். அதையே செய்யுங்கள். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி, அதில் 1, 2, 3. அம்மாவும் எழுத வேண்டும். வாக்குப் போட ஐந்து பேர் என்று வை: 'மகாராஜா'வுக்கு இரண்டு முதல் வாக்கு, 'வாழை'க்கு இரண்டு, ஒருவர் 'லப்பர் பந்து'. மூன்று யாருக்கும் இல்லை. முன்னால் நிற்கிற இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். 'லப்பர் பந்து'க்குப் போட்டவர் இரண்டாவதாக எதை எழுதினார் என்று பாருங்கள். அதில்தான் முடிவு. ஒஸ்கார் விருதில் சிறந்த படத்தைத் தெரிவு செய்வதும் ஏறத்தாழ இந்த மாதிரி முறைதான். அங்கே கடைசியில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். வீட்டில் எண்ணுகிற வேலையை அண்ணனிடம் கொடுக்காதே.

அவர் கொழும்பிலிருந்து கிளம்புமுன் போன் எடுத்து, ஒரு நல்ல இயர்போன் வாங்கி வரச் சொல். தை மாதம் உங்கள் பக்கம் மழையும் குறைவு. நீ 'கொட்டுக்காளி'யை முதலில் பார், பிறகு அவரிடம் கொடு. ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டாம்.