கணக்கியல் முதுமாணி: எந்தப் பாடம், எதற்காக?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து கேட்ட தம்பி தங்கைகளுக்கு என் பதில்கள்.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி: அக்கா, ஓரிடத்தில் 30 கிரெடிட், இன்னோரிடத்தில் 60 என்கிறார்கள். குறைந்ததை எடுத்தால் போதாதா?

இரண்டும் ஒன்றல்ல தங்கச்சி. நம் நாட்டுத் தகைமைச் சட்டகமான எஸ்.எல்.கியூ.எஃப்.இல் 30 கிரெடிட் என்பது 9ஆம் மட்டம், முக்கியமாகப் பாடங்கள்தான். 60 என்றால் 10ஆம் மட்டம். அதில் ஆய்வுக்கு மட்டும் குறைந்தது 15 கிரெடிட் போகும். பாடங்களில் ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். ஆய்வில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100. அப்படியென்றால் 60க்குக் குறைந்தது 3,750 மணித்தியாலம்! விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் 10ஆம் மட்டத்துக்குப் போங்கள். வங்கியிலோ திணைக்களத்திலோ வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு 9 போதும் என்பது என் எண்ணம்.

ஏறாவூர்த் தம்பி: நான் கலைப் பட்டதாரி. சேரலாமா?

சேர்க்கும் இடங்கள் உண்டு. அடிப்படைக் கணக்கியலை முதலில் முடிக்கச் சொல்லலாம். அது கிரெடிட்டில் சேருமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பி: வாப்பாவின் வயல், அரிசி ஆலை இரண்டின் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். எந்த விருப்பப் பாடம் உதவும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்.கே.ஏ.எஸ். என்னும் இலங்கைக் கணக்கீட்டு நியமங்களை முழுமையாகப் பின்பற்றும் கம்பனி என்றால், வயலில் நிற்கும் நெற்பயிர் விவசாயத்துக்கான எல்.கே.ஏ.எஸ். 41இன் கீழ் உயிரியல் சொத்து. நியாயப் பெறுமதியில், அதாவது அன்று சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில், விற்பனைச் செலவைக் கழித்துக் காட்ட வேண்டும். அறுவடையன்று நெல்லையும் அதே முறையில் மதிப்பிட வேண்டும், அந்தத் தொகைதான் களஞ்சியத்தில் அதன் கிரயம். அதற்குப் பிறகு சரக்கிருப்புக்கான எல்.கே.ஏ.எஸ். 2. வெளியே வாங்கிய நெல்லுக்கு 41 வேண்டாம், நேரே 2தான். தென்னந்தோட்டமும் இருக்கிறதா? மரம் எல்.கே.ஏ.எஸ். 16இல் ஆதனம், பொறி, உபகரணத்தோடு சேரும். மரத்தில் நிற்கும் காய் மட்டும் 41க்கு வரும். இவையெல்லாம் உயர் நிதி அறிக்கையிடலில் வரும், அது பெரும்பாலும் கட்டாயப் பாடம். அப்புறம் அரிசி, குருணல், தவிடு, உமி என்று ஒரே நெல்லிலிருந்து வருபவற்றுக்குச் செலவை எப்படிப் பிரிப்பது? அதற்கு முகாமைக் கணக்கியலை விருப்பப் பாடமாக எடுங்கள். இன்னொன்றுக்கு இடமிருந்தால் வரி.

வாழைச்சேனைத் தம்பி: முதுமாணி முடித்தால் பட்டயக் கணக்காளரா?

இல்லை. அந்தத் தகைமை 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தருவது. அதற்குத் தனிப் பரீட்சையும் பயிற்சியும் உண்டு.

வந்தாறுமூலைத் தங்கச்சி: ஆய்வு முறையியலைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளலாமா அக்கா?

தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். சிநேகிதிகள் எடுத்த பாடங்களை எடுத்துவிட்டு, கூட்டுறவுச் சங்கங்களுக்கு வினாக்கொத்தும் கொடுத்து முடித்த பிறகுதான் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன். என் கேள்விகளுக்கு வந்த விடைகளை வைத்து நான் நினைத்த புள்ளிவிபரச் சோதனையைச் செய்யவே முடியாது என்று அங்கேதான் புரிந்தது. மழைக்காலத்தில் சங்கம் சங்கமாக மறுபடி அலைந்தேன். முதல் பருவத்திலேயே அதை எடுத்து, தலைப்பையும் எழுதி வையுங்கள். அந்தத் தலைப்புக்குத் தேவையான விருப்பப் பாடங்களை அதன் பிறகு தெரிவு செய்யலாம்.