25 வருஷத்துப் பழைய ஃப்ரிட்ஜ் அவ்வளவு கரண்ட் இழுக்குமா? புதுசு வாங்கினால் பில் குறையுமா?

கேள்வி கேட்டவர் வீட்டில் 1990-களில் வாங்கிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறதாம். "பில்லுக்குக் காரணமே அதுதான், தூக்கிப் போடுங்க" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்களாம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நானும் கேட்டேன். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு பில் ஏறியது.

திருச்சியில் எங்கள் வீடு. அப்பா 1993 தீபாவளி போனஸில் வாங்கிய 165 லிட்டர் ஃப்ரிட்ஜ் 2019 வரை சமையலறையில்தான் நின்றது. அந்த வருஷம் ஏப்ரலில் 240 லிட்டர், இரட்டைக் கதவு, ஐஸ் கட்டாத இன்வெர்ட்டர் மாடல் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் பழையதுக்கு எக்ஸ்சேஞ்சில் 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடுற சாமானை எவனுக்கோ ஏன்டா கொடுக்கணும்?" என்று பின்கட்டுத் தாழ்வாரத்தில் நகர்த்தி வைத்துவிட்டார். இட்லி மாவு, பூ, மோர் எல்லாம் அதில். அன்றிலிருந்து அதற்கு 'மாவு ஃப்ரிட்ஜ்' என்று பெயர்.

புதுசு வாங்கிய பிறகு கோடை பில் வந்தது. முந்தின வருஷம் அதே இரண்டு மாசக் கணக்கில் 460 யூனிட் ஓடி 1,010 ரூபாய் கட்டியிருந்தோம். இந்த முறை 512 யூனிட், 1,859 ரூபாய். 52 யூனிட்டுக்கு 849 ரூபாயா என்று தலைசுற்றியது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் கட்டுபவர்களுக்கு இந்த 500 யூனிட் கோடு தெரிந்திருக்கும். அப்போதிருந்த ரேட்டில் 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786. கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் விலை மாறிவிடும். ரேட் இப்போது கூடிவிட்டது, அந்தக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

வாங்கியது புதுசு, நிறுத்தாதது பழசு. எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்று ஆயிரத்துச் சொச்சத்துக்குப் பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்று வாங்கினேன். பிளக் பாயின்ட்டுக்கும் ஃப்ரிட்ஜ் வயருக்கும் நடுவில் செருகி ஒரு நாள் விட்டால் யூனிட் காட்டும். பழையது ஸ்டெபிலைசரோடு சேர்த்து 24 மணி நேரத்துக்கு 2.3 யூனிட். புதியது 0.8. அந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும் ஊர் சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்து ஸ்டெபிலைசரை மட்டும் தனியாக மீட்டரில் போட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜே இல்லாமல் அது பாட்டுக்கு 9 வாட் எடுத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. 24 மணி நேரமும் முனகினால் நாளுக்கு 0.2 யூனிட், இரண்டு மாசத்துக்கு 13. கால் நூற்றாண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம், பழி ஃப்ரிட்ஜ் மேல்.

அடுத்தது கதவு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். எங்களுடையதில் கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது. அந்த இடத்து ரப்பர் விறைத்துப்போய், மடிப்புக்குள் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகிறது, ஃப்ரீசரில் ஐஸாகப் படிகிறது, ஐஸ் ஒரு போர்வை மாதிரி குளிர்ச்சியை அமுக்கிவிடுகிறது, மோட்டார் நெடுநேரம் ஓடுகிறது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் குமிழ் நடுவில் ஒரு பட்டன் உண்டே, அதை வாரம் ஒருமுறை அமுக்கி ஐஸைக் கரைக்கத்தான் கொடுத்திருக்கிறான். எங்கள் அம்மா அதைத் தொட்டதே இல்லை. தோசைக் கரண்டியால் ஐஸைப் பெயர்ப்பதுதான் வழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

மெக்கானிக் பாய் வந்து பத்து நிமிஷம் சும்மா நின்று கேட்டார். "தம்பி, இது சீக்கிரம் கட் ஆக மாட்டேங்குது. தெர்மோஸ்டாட் போச்சு. கேஸ்கெட்டும், இந்தக் கதவு ரப்பர், போச்சு. கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு." இரண்டையும் மாற்றினார். பின்பக்கக் கறுப்புக் கம்பி வலையில் கம்பளி மாதிரி படிந்திருந்த தூசியைத் தட்டினார், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். ஸ்டெபிலைசரை நானே கழற்றிவிட்டேன், எங்கள் தெருவில் வோல்டேஜ் ஒழுங்காக இருக்கிறது. இல்லாத இடத்தில் அதைச் செய்யாதீர்கள். மறுநாள் மீட்டரில் 1.4. அதே 125 வாட் மோட்டார்தான். முன்பு மணிக்கு 42 நிமிஷம் ஓடியது, இப்போது 28 நிமிஷம்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: பழையது அதிகம் இழுக்கும், உண்மை. ஆனால் சொல்கிற அளவில் பெரும்பகுதி வயசு அல்ல, பராமரிப்பில்லாதது. சீர்செய்த பழசுக்கும் புதுசுக்கும் எங்கள் வீட்டு வித்தியாசம் நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாசத்துக்கு 36. கோட்டுக்குக் கீழே இருந்தால் அன்றைய ரேட்டில் 108 ரூபாய், வருஷத்துக்கு 648. புது ஃப்ரிட்ஜ் 24,000. போட்ட முதல் திரும்ப 37 வருஷம் ஆகும். ரேட் இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டாலும் 18 வருஷம், புதுசு அதுவரை தாங்குமா என்பதே கேள்வி. நீங்கள் 490, 510 என்று கோட்டின் மேல் ஊசலாடுபவர் என்றால் கணக்கே வேறு. அங்கே அந்த 36 யூனிட் அன்றைய ரேட்டில் ஒரு பில்லுக்கு 750 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கும்.

'பழசு என்றாலே மோசம்' என்பதும் சரித்திரப்படி தப்பு. அமெரிக்காவில் 1940-களின் கடைசியில் விற்ற ஃப்ரிட்ஜ் சராசரியாக வருஷத்துக்கு 350 யூனிட் அளவில்தான் எடுத்தது. 1974 வாக்கில் அது 1,800. அளவு இரட்டிப்புக்கு மேல் பெருத்தது. உள்ளே இடம் கூடவேண்டும் என்று சுவர் மெலிந்தது. ஐஸ் கட்டாமலிருக்க ஹீட்டர், கதவு ஓரம் வியர்க்காமலிருக்க இன்னொரு ஹீட்டர். கரண்ட் மலிவு, யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் பெட்ரோலிய எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கலிபோர்னியா மாநிலம் முதலில் வரம்பு போட்டது, ஆர்தர் ரோசன்ஃபெல்ட் மாதிரி இயற்பியலாளர்கள் அதற்காகப் பல வருஷம் வாதாடினார்கள். 2001-இல் அதே அளவுள்ள ஃப்ரிட்ஜ் 500 யூனிட்டுக்கு இறங்கிவிட்டது. உண்மையான கரண்ட் தின்னி எழுபதுகளின் அந்தப் பெரிய அமெரிக்கப் பெட்டிதான். நம் வீட்டு 165 லிட்டர் அந்த ஜாதியே இல்லை. ஹீட்டர் இல்லை, உள்ளே ஃபேன் இல்லை, சின்ன வயிறு.

புதுசு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். நம் நாட்டில் ஸ்டார் லேபிள் 2006-இல் வந்தது. அவ்வப்போது அளவுகோலை இறுக்குவார்கள், அன்றைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு மூன்றுக்கு இறங்கியிருக்கலாம். லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும். அதுகூடச் சோதனைக்கூடத்து எண், மே மாசத்து நம் சமையலறையில் கொஞ்சம் கூடத்தான் காட்டும். புது மாடலில் பக்கச் சுவர் சுடும், பயப்படாதீர்கள், பின்னால் இருந்த கம்பி வலை சுவருக்குள் போயிருக்கிறது. சுவரோடு ஒட்டி வைக்காமல் இருந்தால் போதும். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. நாங்கள் ரிப்பேருக்குப் பிறகு அடுத்த கணக்கில் 448-க்கு வந்தோம், ஆனாலும் அதில் 84 யூனிட் மாவு குளிர்வதற்காகவே.

2021-இல் அந்தக் கதையும் முடிந்தது. ஒருநாள் காலை பின்கட்டிலிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா தோசைக் கரண்டியோடு நிற்கிறார், ஃப்ரீசரின் அலுமினியத் தகட்டில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. பாய் பார்த்துவிட்டு, "பேஸ்ட் வெச்சு அடைச்சு வேற கேஸ் ஏத்தலாம் தம்பி, ஆனா நாலாயிரத்து ஐநூறு ஆகும், கேரண்டி கிடையாது" என்றார். உள்ளே இருந்தது ஆர்-12. ஓசோனைக் கெடுக்கிறது என்று 2010-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் விலக்கப்பட்ட வாயு. அதற்குப் பதில் பின்னால் வந்த வாயுவான ஆர்-134ஏ ஏற்றினால் பழைய கம்ப்ரஸரில் உள்ள மினரல் ஆயில் அதோடு கலக்காது. இந்த அரைகுறை வேலைக்கு அப்புறம் நிற்காமல் ஓடும் ஃப்ரிட்ஜ்களைத்தான் பலர் 'பழசு, அதான் இழுக்குது' என்கிறார்கள்.

எனக்கு இன்னொரு கணக்கும் உறுத்தியது. அந்த மாதிரி சின்ன ஃப்ரிட்ஜில் 100 கிராம் அளவில் ஆர்-12 இருக்கும். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதாவது 'உஸ்ஸ்' என்று போனது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டால், பழசை விட்டுப் புதுசுக்கு மாறி ஆறேழு வருஷம் மிச்சம் பிடிக்கிற கரண்ட் அந்த ஒரு நிமிஷத்தில் காலி. காயலான் கடையில் வெட்டினாலும் இதேதான் நடக்கும். புது ஃப்ரிட்ஜில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற வாயு, அந்த விஷயத்தில் சாது.

அம்மா இன்னும் அதைக் கொடுக்கவில்லை. வயரை வெட்டி, குழந்தைகள் வந்தால் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கதவில் வெளித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. துவரம்பருப்பும் அரிசி அப்பளமும் இருக்கின்றன. புது ரப்பர், எறும்பு ஏறுவதில்லை.