நகையைத் தொடாதீர்கள், தோட்டக்கலையைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள் மொட்டைமாடியில் பி.வி.சி. குழாய்களில் துளை போட்டு, மண்ணில்லாமல் கீரையும் புதினாவும் வளர்க்கிறாள். பெரியப்பாவோ நகையை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார். எதில் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் நகையைத் தொடாதீர்கள். அவளுக்கு மனசில்லாத படிப்புக்கு வாங்குகிற கடனுக்கு வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்கள்தான்.

போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றபோது எல்லாரும் உரம் போதவில்லை என்றார்கள், அவள் உரக் கரைசலின் பி.எச். (புளிப்பு-கார அளவு) அளந்து, 7.5 இருந்ததை 6-க்கு இறக்கினாள், அடுத்து வந்த இலைகள் பச்சையாக வந்தன என்று. கரைசலில் இரும்புச்சத்து இருந்தாலும் பி.எச். ஏறிவிட்டால் வேர் அதைச் சரியாக எடுக்காது. இதைத் தானாகக் கண்டுபிடித்த பெண்ணுக்கு எந்தப் பக்கம் நாட்டம் என்று இன்னுமா சந்தேகம்?

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டு பி.எஸ்சி. தோட்டக்கலையைப் பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம், நீட் கிடையாது. வெளியூர் அனுப்பத் தயக்கம் என்றால், உங்களுக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு. டி.என்.பி.எஸ்.சி. எடுக்கும் உதவி தோட்டக்கலை அலுவலர் வேலைக்குப் பட்டயமும், தோட்டக்கலை அலுவலர் வேலைக்குப் பட்டமும் தகுதி. அது தவிர நர்சரி, பசுமைக்குடில், விதை நிறுவனம், சொட்டுநீர்ப் பாசனம் என்று தனியார் வேலைகளும் உண்டு.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற இந்த மண்ணில்லா முறையை மட்டும் கற்றுத் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கும் குறுகியகாலச் சான்றிதழ் வகுப்புகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அந்த முறையில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் தண்ணீர்ச் செலவு குறைவு, கீரையும் சீக்கிரம் வளரும், எல்லாம் சரி. ஆனால் சித்திரை வெயிலில் கரண்ட் போய் மோட்டார் நின்றால், குழாயில் இருக்கும் வேர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறைந்து வேர் அழுகும். உங்களுக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட நீரில் உரம் கலப்பதற்கு முன்பே உப்பு கூடிக் கிடக்கும். மண்ணோ ஈரத்தைப் பிடித்துவைக்கும், உரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். நெல்லும் கிழங்கும் மாவும் வாழையும் விளைவது மண்ணில்தான், விவசாயிகள் ஆலோசனை கேட்டு வருவதும் பெரும்பாலும் அதற்குத்தான். மண்ணைப் படித்தவளுக்குக் குழாயில் எங்கே தப்பு என்று சீக்கிரம் பிடிபடும். தோட்டக்கலைப் படிப்பில் மண், உரம், பாசனம், பூச்சி, நோய் எல்லாமே வரும்.

இந்த வாரமே அவளை மாதவரத்துக்கு அழைத்துப் போங்கள். கட்டணம், விடுதி, கடைசித் தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். மற்ற கேள்விகளை அவளே கேட்கட்டும்.