வாளியும் பீமன் படுக்கையும்

அன்புள்ள ஐயா,

மேலூரில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். ‘கிக் தி பக்கெட்’ என்றால் செத்துப்போவது. தூக்குப் போட்டுக்கொள்பவன் தான் ஏறி நின்ற வாளியை உதைத்துத் தள்ளுவதால் இந்தத் தொடர் வந்தது என்று வாட்ஸாப்பில் படித்தேன். சவத்தின் காலடியில் வைக்கும் தீர்த்த வாளிதான் காரணம் என்கிறார் சக ஆசிரியர். எட்டாம் வகுப்பில் எதைச் சொல்வது? இரங்கல் கடிதத்தில் இதை எழுதலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தீர்களே, அதற்காகவே உங்கள்மேல் பிரியம் வருகிறது. ஆனால் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தூக்குக் கயிற்றைக் காட்டியா ஓர் ஆங்கிலத் தொடரைப் புரியவைக்க வேண்டும்? இரங்கல் கடிதத்தில் எழுதினால் அடிக்க வருவார்கள், அது கொச்சை. தீர்த்த வாளியை விடுங்கள்.

1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இத்தொடர் இருக்கிறது. ‘பக்கெட்’ என்ற சொல்லுக்குச் சுமை தொங்கவிடும் மரம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஷேக்ஸ்பியர் அப்படி ஆண்டிருக்கிறார். இங்கிலாந்தின் நார்போக் பக்கத்தில் பன்றியை அறுக்கும்போது பின்னங்கால்களைக் கட்டி அந்த மரத்தில் தொங்கவிடுவார்கள். உயிர் போகும் துடிப்பில் கால் மரத்தை உதைக்கும். அறிஞர்கள் சாய்வது இந்தப் பக்கம். இதுவும் முடிந்த முடிவல்ல. ஆனாலும் இதற்குப் பழைய சொல்லாட்சி ஒன்று துணை நிற்கிறது. உங்கள் வாட்ஸாப் வாளிக்குக் கதையைத் தவிர நாதி இல்லை.

மேலூர்க்காரர் நீங்கள், கிடாரிப்பட்டி பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளை ஊரே பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறது. சிறுவயதில் என் பெரியப்பா ஒன்றைக் காட்டி, “இதுதான் பீமன் படுத்தது” என்றார். அவரே அதில் நீட்டிப் படுத்தும் காட்டினார், அளவாக இருந்தது. உங்களுக்கே சரியாக இருக்கிறதே, பீமனுக்கு எப்படிப் போதும் என்று கேட்டேன். தலையில் குட்டு விழுந்தது.

அதே பாறையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பொருள் கொடுத்தவர்களின் பெயரும் தொழிலும் தமிழ் பிராமியில் வெட்டப்பட்டிருக்கின்றன. ‘மதிரை’ (நம் மதுரைதான்) பொற்கொல்லன், உப்பு வணிகன், துணி விற்றவன், கலப்பைக் கொழு விற்றவன். பாண்டவன் ஒருவன்கூட இல்லை. உப்பு விற்ற காசில் ஒருவன் செய்த தர்மத்தைத் தூக்கிப் பீமன் பெயரில் எழுதிவைத்திருக்கிறோம், அதுவும் அவன் பெயர் கண்ணெதிரே இருக்கும்போதே! கதை சுவையாக இருந்தால் போதும், நமக்குக் கண் தெரிவதில்லை.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். உப்பு வணிகனின் வரியை அவர்களே தேடிப் பிடிக்கட்டும். படத்தில் எழுத்து பளிச்சென்று விழவேண்டும் என்று எவனாவது சாக்பீஸோடு பாறையை நெருங்கினால் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.