ஐ-20 கையில் வந்தால் போதுமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசற் புள்ளி போதவில்லை. அமெரிக்காவில் கொமியூனிட்டி கொலிஜ் (இரண்டு வருடக் கல்லூரி) ஒன்றில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்பு, இரண்டே வருடம், பிறகு வேலை, பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) என்கிறார் ஏஜென்ட். மாணவர் வீசாவுக்காகக் கொலிஜ் தரும் ஐ-20 படிவமும் வந்துவிட்டது. பணம் கட்டலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பொறுங்கள் அம்மா. முதலில் அந்த ஐ-20 இல் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 51.1004 என்றால் எம்.எல்.ரி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பப் படிப்பு. 51.1009 என்றால் இரத்தம் எடுக்கப் பழக்குவது மட்டும். 51.0801 என்றால் டொக்டரின் கிளினிக்கில் உதவியாளர் வேலை. ஏஜென்ட்மாருக்கு மூன்றும் ‘லேப் கோர்ஸ்’தான்.

24.0101 என்று பொதுப் பாடம் போட்டிருந்தால் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். பல கொலிஜ்களில் முதலில் உயிரியல், இரசாயனம், கணிதம் முடிக்க வேண்டும், பிறகுதான் எம்.எல்.ரி.க்குத் தனி விண்ணப்பம். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தவியல், நுண்ணுயிரியல், இரத்த வங்கி என்று மாறி மாறி நின்று பழக வேண்டும். ஆஸ்பத்திரி எத்தனை பேரை ஏற்கிறதோ அத்தனை இடம்தான். ஆகவே நேர்மையான கொலிஜும் பொது இலக்கம் போடலாம். ஆனால் நான்கு கேள்விக்குக் கொலிஜின் மின்னஞ்சலிலிருந்தே பதில் வர வேண்டும்: எத்தனை இடம், தெரிவு எப்போது, வெளிநாட்டு மாணவரை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு எடுப்பார்களா, கிடைக்காவிட்டால் என்ன செய்வது? ஏஜென்டின் வாட்ஸ்அப் பதில் கணக்கில் இல்லை. இரண்டு வருடம் மூன்றாகும் என்று நினைத்தே செலவைக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, என்.ஏ.ஏ.சி.எல்.எஸ். அங்கீகாரம். அமெரிக்காவில் ஆய்வுகூடப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு இது. ‘கொலிஜுக்கு அங்கீகாரம் இருக்கு’ என்பது வேறு கதை, எம்.எல்.ரி. படிப்புக்கே இருக்க வேண்டும். அந்த அமைப்பின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர் இல்லையென்றால் படித்து முடித்த கையோடு ஏ.எஸ்.சி.பி. பரீட்சை (ஆய்வுகூட வேலைக்கான தகுதிச் சான்றிதழ்ப் பரீட்சை) எழுதுவது பெரும்பாலும் முடியாது. அதில்லாமல் அங்கே நல்ல ஆய்வுகூடங்களில் இடம் கிடைப்பது கஷ்டம்.

பி.ஆர். கதையை விடுங்கள். இந்தப் படிப்புக்குப் பின் மாணவர் வீசாவிலேயே வேலை செய்ய விடும் ஓ.பி.ரி. அனுமதி 12 மாதம். 24 மாத நீடிப்பு இளமாணிப் பட்டத்துக்கும் அதற்கு மேலும்தான், இந்த இரண்டு வருடப் படிப்பு அதற்குக் கீழே. எச்-1பி என்ற வேலை வீசாவும் இளமாணிப் பட்டம் கேட்கும் வேலைக்குத்தான்.

மகள் திரும்பி வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதியாமல் இங்கே எம்.எல்.ரி. ஆக முடியாது. பாடத்திட்டத்தையும் பயிற்சி மணித்தியாலங்களையும் இணைத்து இப்போதே சபைக்கு எழுதுங்கள். கவுண்டரில் வாயால் சொல்வதை நம்பிப் புறப்பட வேண்டாம். பேராதனை, ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் என்று இங்கேயே பட்டப்படிப்பு இருக்கிறது, இடம்தான் இல்லை. வெளியே தள்ளப்படும் பிள்ளைகளுக்கு வேறு வழி காட்டாதவரை ஏஜென்ட்மாருக்கு நல்ல காலம்தான்.

மாணவர் வீசாவுக்கு முன் அமெரிக்க அரசுக்குக் கட்டும் செவிஸ் கட்டணம் 350 டொலர். மகளின் பெயரில் நீங்களே இணையத்தில் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளலாம். படிப்புக் கட்டணம் நேரே கொலிஜின் கணக்குக்கு. ஏஜென்ட் தன் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.