வயிற்றில் நாலைந்து பாலிப், கூடவே பி12 குறைவு: வயிற்றை எடுக்க வேண்டுமா?

கேள்வி: வயது 47. ஒரு வருடமாகச் சோர்வு, வயிறு உப்புசம். எண்டோஸ்கோபியில் இரைப்பையின் மேல்பகுதியில் நாலைந்து பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி), பெரியதே 6 மி.மீ.தான். பயாப்ஸியில் 'நியூரோஎண்டோகிரைன் ட்யூமர், கிரேடு 1' என்று வந்திருக்கிறது. பி12 மிகக் குறைவு, தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். வயிற்றையே எடுக்கச் சொல்வார்கள் என்கிறார் உறவினர். இது புற்றுநோயா?

பதில்: உறவினர் சொன்னதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நியூரோஎண்டோகிரைன் ட்யூமர் என்றால் ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி, கிரேடு 1 என்றால் மெதுவாக வளர்வது. இதுவும் புற்றுநோய்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் மூன்று வகை உண்டு, ஒன்றுக்கொன்று குணமே வேறு. பல பாலிப், எல்லாமே சிறியவை, பி12 குறைவு, தைராய்டு என்று நீங்கள் எழுதியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றில் சாதுவானது அதுதான்.

இது எப்படி வருகிறது என்றால், உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது (தைராய்டும் பலருக்கு இப்படித்தான் கெடுகிறது). பி12 உடலில் சேர உதவும் புரதத்தைத் தருவதும் அதே செல்கள்தான், அதனால் பி12 விழுகிறது. அமிலம் இல்லையே என்று காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஏறிக்கொண்டே போக, அது விரட்டும் விரட்டில் இரைப்பைச் சுவரில் வேறு சில செல்கள் பெருகி பாலிப் ஆகின்றன.

ஆகவே அடுத்து வெறும் வயிற்றில் காஸ்ட்ரின் அளவு பாருங்கள். பான்டோப்ரசோல் மாதிரி 'கேஸ் மாத்திரை' சாப்பிட்டால் அதுவே காஸ்ட்ரினை ஏற்றிவிடும் என்பதால், டாக்டரிடம் கேட்டு ஒன்றிரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். (சுரக்காத அமிலத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்!) பாலிப்பில் மட்டுமல்ல, பாலிப் இல்லாத இடங்களிலும் பயாப்ஸி எடுத்தார்களா என்று கேளுங்கள், சுற்றியுள்ள சவ்வு மெலிந்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். காஸ்ட்ரின் நார்மலாக இருந்து ஒரே ஒரு கட்டி மட்டும் இருந்தால்தான் மூன்றாம் வகை என்று பயப்பட வேண்டும், அறுவை சிகிச்சைப் பேச்செல்லாம் பெரும்பாலும் அங்கேதான். காஸ்ட்ரினும் அமிலமும் இரண்டுமே எகிறியிருந்தால் அது இரண்டாம் வகை, அரிது.

முதல் வகை என்று உறுதியானால் 1 செ.மீ.க்குக் குறைந்தவற்றை எண்டோஸ்கோபி வழியாகவே எடுக்கலாம், சில சமயம் எடுக்காமல் கவனித்தே வரலாம். 1 செ.மீ. தாண்டியதற்கு, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு எடுப்பார்கள். மறுபடி முளைக்கும், அது சகஜம். அதனால் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி தொடர வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பி12-ஐ இப்போதே ஊசியாகத் தொடங்கலாம். அப்புறம், பி12 இல்லாமல் வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் சாப்பிடாதீர்கள், ரத்தம் ஏறினாலும் நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். இரும்புச்சத்தையும் ஒருமுறை பாருங்கள். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பதானால் ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடுகளையும் வாங்கிக்கொண்டு போங்கள்.